மூளைக்கு எந்தத் தட்டு?

அம்மாவுக்கு வந்திருப்பது மறதிநோய்தான் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன அன்று இரவு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, நமக்கும் வருமா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவே என்ன சாப்பிட ஆரம்பிக்கணும்?" என்றான். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் படித்தேன். எனக்கு வயது 54, தம்பிக்கு 51, அம்மாவுக்கு 79. மூன்று பேருக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒரே முடிவு மூவருக்கும் பொருந்தும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பொருந்தவில்லை.

எதையெல்லாம் ஒப்பிட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய தரைக்கடல் உணவுமுறை ஒன்று. ரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக வகுத்த டேஷ் முறை ஒன்று. இந்த இரண்டையும் கலந்து, மூளைக்கென்றே வகுத்த மைண்ட் முறை இன்னொன்று. இவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்பது, மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும் கீட்டோ. கடைசியாக, தட்டில் கைவைக்காமல் மாத்திரையிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் வழி. தம்பிக்கு அந்தக் கடைசி வழியில்தான் கண்.

முதல் மூன்றும் உடன்பிறப்புகள். காய்கறி, கீரை, பயறு, முழுத்தானியம், கொட்டைகள், மீன் ஆகியவை மூன்றிலும் உண்டு. சிவப்பு இறைச்சி, வெண்ணெய், இனிப்புப் பண்டம், பொரித்த பண்டம் மூன்றிலும் குறைவு. முக்கால்வாசித் தட்டு ஒன்றேதான். மீதிக் கால்வாசியில்தான் வேறுபாடு. மத்திய தரைக்கடல் முறையில் ஆலிவ் எண்ணெய்தான் முக்கியக் கொழுப்பு, அதை அளந்து ஊற்றச் சொல்வதில்லை. டேஷ் முறை உப்பில் கண்டிப்பு. தினமும் நாலைந்து பங்கு பழம், நாலைந்து பங்கு காய், இரண்டு மூன்று பங்கு கொழுப்பு நீக்கிய பால் பொருள் என்று அளவு சொல்கிறது. மைண்ட் முறைக்குக் கீரையும் பெர்ரிப் பழங்களும் உயிர். மற்றப் பழங்களுக்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது.

இந்தக் கால்வாசி வேறுபாட்டை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கு, சாப்பாடு எந்த வழியாக மூளையைத் தொடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைச் சேர்த்துவைக்க மூளைக்குள் இடம் கிடையாது. நொடிக்கு நொடி ரத்தம் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். உள்ளே போகப் போக ரத்தக் குழாய்கள் முடியைவிட மெலிதாகிவிடுகின்றன. உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதலில் பழுதாக்குவது இந்த மெல்லிய குழாய்களைத்தான்.

மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. இவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்தப் பட்டியலை வாங்கி நான் தேடிய முதல் சொல் 'உணவு'. அது தனி வரியாக இல்லவே இல்லை. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, உடல்பருமன் எல்லாம் இருக்கின்றன. இவை நான்கும் தட்டிலிருந்து கிளம்புகிறவைதானே. என் யோசனையின் திசை மாறியது அங்கேதான். மூளைக்கு நல்லது என்ற முத்திரையைப் பார்த்து உணவுமுறையைத் தேர்ந்தெடுப்பதைவிட, என் ரத்தக் குழாயில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு ஆதாரம் அதிகம்.

அப்படியானால் மூளைக்கென்றே வகுத்த மைண்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்த்தா கிளேர் மோரிஸ், உணவுக்கும் முதுமை மூளைக்கும் உள்ள தொடர்பை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். மற்ற இரண்டு முறைகளிலிருந்தும் மூளைக்கு உதவக்கூடியவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, 2015-ல் தன் குழுவோடு மைண்ட் முறையை வெளியிட்டார். சேர்க்க வேண்டியவை பத்து, குறைக்க வேண்டியவை ஐந்து. கீரை வாரத்துக்கு ஆறு முறை, கொட்டைகள் ஐந்து முறை, பெர்ரி இரண்டு முறை, மீன் ஒரே ஒரு முறை என்று எட்டக்கூடிய அளவுகள். (மூலப் பட்டியலில் தினம் ஒரு கோப்பை ஒயினும் உண்டு. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்கவே வேண்டாம். லான்செட்டின் 14 காரணிகளில் மிதமிஞ்சிய மதுவும் ஒன்று.) 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை ஆண்டு கவனித்ததில், இந்த முறையை மிக நெருக்கமாகப் பின்பற்றியவர்களுக்கு மறதிநோயில் மிகப் பரவலான வகையான அல்சைமர் வரும் வேகம் 53 சதவீதம் குறைந்திருந்தது. ஓரளவு பின்பற்றியவர்களுக்கும் 35 சதவீதம் குறைந்திருந்தது. மற்ற இரண்டு முறைகளையும் அரைகுறையாகப் பின்பற்றியவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. மைண்ட் உலகெங்கும் பேசப்பட்டது இந்த எண்களால்தான்.

நானும் அந்த 53-ஐப் படித்துவிட்டு அன்றே குளிர்சாதனப் பெட்டி நிறையக் கீரை வாங்கி வைத்தேன். அடுக்கும்போது அம்மா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஞாபகம் வந்தது. நோய் என்று பெயர் வைப்பதற்கு ஆறேழு வருஷம் முன்னால் ஒரு நாள் அதைத் திறந்தபோது மூன்று கட்டுக் கீரை இருந்தது. மூன்றும் அழுகி, தண்ணீர் விட்டிருந்தது. வாங்கியதை மறந்து மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறார். அது மட்டுமல்ல, ஆய்ந்து கழுவி நறுக்கிச் சமைக்கும் அந்த வரிசை அவர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிறகு ரொட்டியும் பிஸ்கட்டுமாகச் சாப்பாடு சுருங்கிற்று. "எனக்கு இது போதும்டி" என்பார். வயதானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த வருஷம் அம்மாவிடம் ஒரு ஆய்வாளர் வந்து படிவம் நிரப்பியிருந்தால், "கீரை சாப்பிடாதவர், பிற்பாடு மறதிநோய் வந்தது" என்று கணக்கில் ஏறியிருக்கும். உண்மையில் நோய் முதலில் வந்துவிட்டது, கீரை பின்னால்தான் போனது.

அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பே. ஆகவே நாலைந்து ஆண்டு கவனிக்கும் ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது மிகக் கடினம். ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் 28,025 பேரை, சராசரி 58 வயதிலிருந்து, சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். மத்திய தரைக்கடல் முறையைப் பின்பற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மறதிநோய் வருவதில் வேறுபாடு தெரியவில்லை. மைண்ட் பற்றி எழுதுகிற பலர் இந்த ஆய்வைச் சொல்வதே இல்லை. ஒப்பிட்டு முடிவு எடுக்க நினைக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரே வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் அந்த உணவைக் கொடுத்துப் பார்ப்பது. அதையும் மோரிஸ் தொடங்கிவைத்தார். 2020-ல் அவர் இறந்துவிட்டார்; முடிவு 2023-ல் வந்தது. குடும்பத்தில் மறதிநோய் இருந்த, உடல் எடை கூடிய, 65 வயதுக்கு மேற்பட்ட 604 பேர், மூன்று ஆண்டுகள். மைண்ட் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அறிவுத்திறன் சோதனையிலோ எம்ஆர்ஐ படத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

மைண்ட் தோற்றுவிட்டது என்று இதைச் சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். இரண்டு குழுவினருக்கும் உணவு ஆலோசனை கிடைத்தது, இரண்டு குழுவும் கலோரியைக் குறைத்தன, இரண்டிலும் சராசரியாக ஐந்து கிலோ வரை எடை இறங்கிற்று, இரண்டிலும் சோதனை மதிப்பெண் கொஞ்சம் ஏறிற்று. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் மதிப்பெண் ஏறும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். தவிர, இருபது ஆண்டு மெல்ல வளரும் நோய்க்கு மூன்று ஆண்டு என்பது கண்ணிமைக்கும் நேரம். நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: அந்த 53 சதவீதத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கீரை நல்லது என்பதில் மாற்றமில்லை.

மத்திய தரைக்கடல் முறைக்கு இந்த விஷயத்தில் ஒரு படி மேலான சாட்சி உண்டு. ஸ்பெயினில் நடந்த ப்ரெடிமெட் சோதனையில் இதயநோய் அபாயம் உள்ள 7,447 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு மத்திய தரைக்கடல் முறையோடு ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்கு அதே முறையோடு தினம் 30 கிராம் கொட்டைகள், மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஆலோசனை என்று கொடுத்தார்கள். இதில் நவார்ரா பகுதியைச் சேர்ந்த 522 பேரை ஆறரை ஆண்டு கழித்துச் சோதித்ததில், முதல் இரண்டு குழுவினரும் அறிவுத்திறனில் மேலாக இருந்தார்கள். பார்சிலோனாவிலும் அதே போக்குத் தெரிந்தது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: ஆட்களைப் பிரித்த விதத்தில் பிழை நடந்தது தெரிந்து, 2013-ல் வந்த மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இதயத்துக்கான முடிவு ஏறக்குறைய அப்படியே நின்றது.

டேஷ் முறையை மறதிநோய்க்காகப் பெரிய அளவில் சோதித்ததில்லை. ஆனால் அது செய்வதாகச் சொல்லும் ஒரே வேலையை ஐயத்துக்கு இடமில்லாமல் செய்கிறது. 1997-ல் 459 பேரிடம் நடத்திய சோதனையில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கிற்று. எட்டே வாரத்தில், உப்பைக் குறைக்காமலேயே. 2001-ல் உப்பையும் சேர்த்துக் குறைத்தபோது இன்னும் இறங்கிற்று. அழுத்தம் இறங்கினால் மூளைக்கு என்ன லாபம் என்பதை வேறொரு சோதனை காட்டியது. ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற அதில் (மைண்ட் உணவுமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை) 9,361 பேர் கலந்துகொண்டார்கள். மருந்தால் மேல் எண்ணை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, மறதிநோயின் முன்படியான லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதிநோயில் வேறுபாடு உறுதியாகத் தெரியுமுன்பே சோதனை முன்கூட்டி நிறுத்தப்பட்டுவிட்டது.

டேஷில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. அதேபோல, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் மைண்டைப் படித்துவிட்டுத் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

கீட்டோவைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. அல்சைமர் மூளை குளுக்கோஸைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் தடுமாறும்போதும், கொழுப்பிலிருந்து உடல் தயாரிக்கும் கீட்டோனை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதனால் அந்த யோசனைக்கு அடிப்படை இருக்கிறது. நடந்த சோதனைகள் சிறியவை, குறுகியவை. வயதானவர்களுக்குப் பசி மட்டுப்பட்டு எடை இறங்கிவிடும், சில சர்க்கரை மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. எங்கள் மூவருக்கும் இது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

மாத்திரைக்கு வருகிறேன். தம்பி ஒரு நாள் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரைப் புட்டியோடு வந்தான். "அக்கா, அம்மாவுக்கும் கொடுப்போம், நாமும் போடுவோம். ஞாபகசக்திக்குன்னு போட்டிருக்கு பாரு." வாங்கிப் பார்த்தேன். அம்மா தினம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அதோடு ஜிங்கோ சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடலாம். புட்டியில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2008-ல் அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேருக்கு ஜிங்கோவையோ வெற்று மாத்திரையையோ ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு வந்தது: மறதிநோய் வருவது குறையவில்லை. மீன் எண்ணெய் மாத்திரையும், கண்நோய் ஆய்வு ஒன்றில் ஐந்து ஆண்டு கொடுத்தும் அறிவுத்திறனைக் காக்கவில்லை. வைட்டமின் பி, ஈ, ஒமேகா 3 மாத்திரைகளை மறதிநோயைத் தடுக்கவென்று பரிந்துரைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அதே வழிகாட்டுதல் மத்திய தரைக்கடல் முறையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது.

பன்வைட்டமின் மாத்திரை மட்டும் கொஞ்சம் குழப்பம். 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 6,000 ஆண் மருத்துவர்களில் ஒரு பாதியினர் பன்னிரண்டு ஆண்டு சாப்பிட்டும் பலன் இல்லை என்று 2013-ல் தெரிந்தது. பிறகு காஸ்மாஸ் என்ற சோதனையின் பிரிவுகளில், 2022 தொடங்கி, நினைவாற்றல் மதிப்பெண்ணில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. மறதிநோயைத் தடுக்கும் என்று அந்தச் சோதனை காட்டவில்லை. என் கருத்தில், சரியாகச் சாப்பிட முடியாத முதியவருக்கு அது ஒரு முட்டுக்கொடுப்பு. நன்றாகச் சாப்பிடுகிறவருக்குத் தேவையில்லை.

வைட்டமின் பி12 மட்டும் வேறு. அதில் குறைபாடு இருந்தால் மறதி, தடுமாற்றம், கால் மரத்துப்போவது எல்லாம் வரும்; நாள்பட விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மீட்கலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் தவிர மற்ற உணவில் அது இயல்பாகக் கிடைப்பதில்லை. வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைந்து, சாப்பிட்ட உணவிலிருந்தே அதைப் பிரித்தெடுக்க முடியாமல் போகிறது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையை விடாமல் போடுகிறவர்களுக்கும் குறைபாடு அதிகம். ஆக்ஸ்ஃபோர்டில் 2010-ல் வெளியான சோதனையில், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக அளவில் இரண்டு ஆண்டு கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 சதவீதம் மட்டுப்பட்டது. பி வைட்டமின்கள் குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டைன் என்ற அமினோ அமிலம் அதிகம் இருந்தவர்களிடம்தான் பலன் பெரிதாகத் தெரிந்தது. குறை இருக்கிறவருக்குக் கொடுத்தால் வேலை செய்கிறது. அதனால் மாத்திரை வாங்குமுன் ரத்தப் பரிசோதனை.

அம்மாவுக்கு இந்த எந்தப் பட்டியலும் பொருந்தவில்லை. இதை உணர எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நான் படித்ததையெல்லாம் முதலில் அவர் தட்டில்தான் காட்டினேன்: வெண்ணெயை நிறுத்தினேன், இனிப்பை நிறுத்தினேன், உப்பைக் குறைத்தேன். நான்கு மாதத்தில் 47 கிலோவிலிருந்து 44-க்கு வந்துவிட்டார். நடுவயதில் கூடுதல் எடை மூளைக்கு ஆபத்து. எண்பதை ஒட்டிய வயதில், அதுவும் நோய் வந்த பிறகு, எடை இறங்குவதுதான் ஆபத்து. தசை கரைகிறது, விழுகிறார்கள், தொற்று வந்தால் தாங்க மாட்டார்கள். "அம்மாவுக்குப் பிடிச்சதைக் கொடுங்க, அடிக்கடி கொடுங்க" என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை தினம் புரதம் வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. அம்மாவுக்கு அது ஐம்பது கிராமை ஒட்டி வருகிறது. அதை மட்டும் இப்போது கணக்குப் பார்க்கிறேன். வெண்ணெய் திரும்பி வந்துவிட்டது.

தம்பிக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின், இடுப்பில் சதை. பி12 பார்க்கச் சொன்னேன், குறைந்திருந்தது. ஜிங்கோ புட்டியை மூடிவைத்துவிட்டு இப்போது பி12 மட்டும் எடுத்துக்கொள்கிறான். சாப்பாட்டில் மத்திய தரைக்கடல் முறையை ஒட்டிப் போகிறான். பயறும் கொட்டையும் நல்ல எண்ணெயும் வயிற்றில் நிற்பதால் இடையில் கொறிப்பது குறைந்திருக்கிறது என்கிறான்.

எனக்கு ரத்த அழுத்தம் 148. ஆகவே டேஷ். கீரையை மட்டும் மைண்டிலிருந்து கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். மாத்திரையும் உண்டு, இரண்டும் சேர்ந்துதான் மூன்று மாதத்தில் 130-ஐ ஒட்டி வந்தது. நடைப்பயிற்சியும் தொடங்கினேன். பின்லாந்தில் மியா கிவிபெல்டோ என்ற ஆய்வாளர் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஃபிங்கர் சோதனை அதற்குக் காரணம். 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக் குழாய்க் கண்காணிப்பு நான்கையும் இரண்டு ஆண்டு சேர்த்துக் கொடுத்தபோது, அறிவுத்திறன் முன்னேற்றம் ஒப்பீட்டுக் குழுவைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணவு தனியாக நின்று இப்படி ஒரு பலனைக் காட்டிய குலுக்கல் சோதனை மிகக் குறைவு.

அம்மாவின் தட்டை மாற்றியிருக்கிறேன், சாப்பாட்டை அல்ல. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் முற்றிய அல்சைமர் உள்ள ஒன்பது பேருக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் குவளையும் கொடுத்தபோது, அவர்கள் கால் பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள், நீராகாரம் 84 சதவீதம் கூடிற்று. வெள்ளைத் தட்டில் வெளிறிய சாப்பாடு அவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். சிறிய சோதனைதான், ஆனால் ஒரு சிவப்புத் தட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. முன்பெல்லாம் அம்மா தட்டின் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு விளிம்பையே விரலால் தடவிக்கொண்டிருப்பார். இப்போது கை நேராகச் சாப்பாட்டுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை பார்க்கிறேன். போன மாதம் 44.6 கிலோ. இந்த வாரம் 45.2.